பம்பர மாமாவின் தம்பி

அவள் முதன்முதலில் கதை சொன்னது, நடக்க முடியாத தம்பிக்கு. அம்மா சலவைக்கூட வேலைக்குப் போனபின் பூட்டிய அறையில் இருவர் மட்டுமே இருப்பார்கள். ஒரு நாள் ஜன்னல் விளிம்பில் ஊர்ந்த எறும்புகளில் ஒன்று நொண்டியது. "அது எங்கக்கா போகுது?" என்றான். அவள் கதையில் மாலைவரை அது போய்க்கொண்டே இருந்தது, மறுநாளும் போனது. எட்டு வயதில் தம்பி கண்ணை மூடியபோது எறும்பு பாதி வழியில்தான் இருந்தது.

பள்ளியிறுதி முடித்து, சிறுவர் மாத இதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மாதம் விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் கைவிட்டுப் போக, அரைப்பக்கம் பல்லிளித்தது. "எதையாவது எழுதிக் குடுங்கக்கா, மிஷின் காத்துக்கிட்டு நிக்குது" என்று பறந்தார் அச்சுக்கோப்பவர். நொண்டி எறும்பை எழுதிக் கொடுத்தாள். இடம் நிரப்பும் எழுத்துக்கெல்லாம் 'பம்பர மாமா' என்று பெயர் போடுவது அங்கே வழக்கம். இதற்கும் அதையே போட்டார்கள். மறுமாதம் பிள்ளைகளின் கடிதங்கள் மூட்டையாய் வந்து இறங்கின: எறும்பு வீடு போய்ச் சேர்ந்ததா?

பதினோரு ஆண்டுகள் எழுதினாள். பெயரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் முதலாளி, "புத்தகமா வரட்டும்மா. அட்டையிலயே உன் பேரப் போட்டுடலாம்" என்பார். முதற்கதை எப்படிப் பிறந்தது என்று ஒருநாள் பரிவோடு விசாரித்தார். வேறெவரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

புத்தகம் போடும் நாளும் வந்தது. மெய்ப்பு வழக்கம்போல் அவள் மேசைக்கே வந்தது. அட்டையில் பம்பர மாமா. உள்ளே முதலாளியின் புகைப்படம். தாள்களோடு அவர் அறைக்குப் போனாள்.

"ஐயா, என் பேரு?"

"ஏம்மா, பிள்ளைங்க மாமாவைத் தேடுதுங்க. திடீர்னு அத்தையக் கொண்டுபோய் நிறுத்தினா மிரண்டுடாதுங்களா? மாமான்னா ஒரு மீசையாவது வேணும்ல?" தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்.

"அந்த எறும்பு என் தம்பிக்குச் சொன்னதுங்க."

"யாரு இல்லேன்னா? சாயங்காலம் அச்சுக்குப் போகணும், சீக்கிரம் பாத்துக் குடு."

மேசைக்குத் திரும்பினாள். கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு: 'நடக்க இயலாத தம்பியை மகிழ்விக்கவே இவர் கதை சொல்லத் தொடங்கினார். ஆறு வயதில் அத்தம்பி மறைந்தான்.' முதலாளிக்குத் தம்பியே கிடையாது.

குறிப்பு முழுவதையும் அடித்தால் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். அப்படியே விட்டாலோ, தம்பி அச்சில் இரண்டு ஆண்டு முன்னதாகவே செத்துப்போவான். 'ஆறு' என்பதை அடித்து, ஓரத்தில் 'எட்டு' என்று எழுதி, அச்சுக்கோப்பவரிடம் நீட்டினாள்.

"வேற தப்பு ஒண்ணும் இல்லியாக்கா?"

"இல்ல. மத்ததெல்லாம் அவர் சொன்னபடியே இருக்கு."