பெரிய வெள்ளியன்று வந்த மீன் மணம்

மீன் பொரிப்பது போன்ற மணம்தான். ஆனால் எண்ணெய் மணம் சேராமல், தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும் மணம். எங்கள் வீட்டில் அதற்கு "வெடுக்கு" என்று பெயர். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில் இருந்த எங்களுக்கு அது புதிதல்ல. ஆனால் அந்த ஏப்ரல் வெக்கையில் என் சின்னத் தம்பி கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை போட்டு அறைக்குள் கிடந்தான். அம்மாவுக்கு அது வெறும் நோயல்ல, வீட்டுக்கு "அம்மாள்" வந்திருக்கிறா. பொரியல் இல்லை, தாளிப்பு இல்லை, கட்டிலைச் சுற்றி வேப்பிலை, வெளியாட்கள் அறைக்குள் கால் வைக்கக்கூடாது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் வெடுக்கு வந்தால் அம்மா சும்மா இருப்பாரா?

அந்த அறைச் சுவரில், தம்பியின் தலைமாட்டுக்கு மேலே "டீபி பொக்ஸ்" இருந்தது. வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. வாசல் கதவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரிதாகப் போடுவோம் என்றுதான் வயரிங்காரர் முதலில் சொன்னாராம். "வாற சனத்தின்ர கண் அதிலதான் விழும்" என்று அம்மா அதை அறைக்குள் தள்ளினார். அப்பா தன் பங்குக்கு, வெள்ளை வெளேரென்று அடக்கமாக இருந்த சின்னப் பெட்டியைத் தெரிந்தெடுத்தார். பிறகு ஏசி பூட்டியபோது அதற்குள் இன்னொரு சுவிட்சுக்கு இடமில்லை. வயரிங்காரரும் மல்லுக்கு நிற்கவில்லை. ஏற்கெனவே ஒரு வயர் இருந்த திருகாணிக்கடியில் ஏசி வயரையும் திணித்து அரைகுறையாக முறுக்கிவிட்டுப் போனார். அம்மா முன்னால் ஒரு பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டார். அம்மாள் வந்ததும் திரைக்கம்பியிலும் ஒரு கொத்து வேப்பிலை ஏறியது.

அம்மாளுக்குக் குளிர்மை வேண்டுமென்று ஏசி பகலிலும் ஓடியது. அது ஓட ஓட வெடுக்கும் ஏறியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் கணக்கில் குற்றவாளி எதிர்வீட்டில் இருந்தார். கொச்சிக்கடையிலிருந்து புதிதாகக் குடிவந்த ஸ்டெல்லா அன்ரி. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; மீன் இல்லாமல் சோறு இறங்காதவர். தம்பியின் காய்ச்சல் திரும்பக் கூடியதும், அந்த மணத்தால்தான் அம்மாள் கோபிக்கிறா என்று அம்மா நம்பினார். நானும் நம்பினேன். தம்பி செத்துப்போவானோ என்றும் பயந்தேன்.

பெரிய வெள்ளியன்று மத்தியானம் மணம் கண்ணையே கரித்தது. அப்பா செவ்விளநீர் வாங்கப் போயிருந்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவில் அடித்தார்.

"என்ர பிள்ளை அம்மாளோட கிடக்கிறான். கொஞ்ச நாளைக்கு மீன் பொரிக்காமல் இருக்கேலாதோ உங்களுக்கு?"

கோயிலுக்குப் போக வெள்ளைச் சீலை உடுத்து நின்ற ஸ்டெல்லா அன்ரியின் முகம் சிவந்துவிட்டது. "என்ன அக்கா கதைக்கிறீங்க? இன்னைக்குப் பெரிய வெள்ளி, எங்களுக்கு உபவாச நாள். காலையில இருந்து அடுப்பே பத்த வைக்கல. வந்து தொட்டுப் பாருங்க!"

சொன்னதோடு நிற்காமல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போய் அந்தக் கையை அடுப்பின் மேல் வைத்தார். அடுப்பு பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குசினியில் வெடுக்கும் இல்லை.

"அப்ப இது எங்கயிருந்து வருது?" என்றார் அம்மா. இந்த முறை குரலில் சண்டை இல்லை.

மூவரும் திரும்பி வந்தோம். மணம் எங்கள் வாசலில் தொடங்கி, ஹோலில் தடித்து, தம்பியின் அறையில் மூச்சை அடைத்தது. அம்மா திரையை இழுத்தார். வெள்ளைப் பெட்டி தேநீர் நிறமாகி, ஒரு பக்கம் உருகி வீங்கி, உள்ளே சீறிக்கொண்டிருந்தது. திரையின் பின்பக்கம் கருகியிருந்தது. கீழே தம்பி நித்திரை. அம்மா சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று அன்ரி அந்தக் கையைத் தட்டிவிட்டார். "கீழ மீற்றர் கிட்ட மெயின் சுவிட்ச் இருக்கு, ஓடுங்க!"

அம்மா வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார். அன்ரி தம்பியை வாரி எடுத்தார். கொப்புளம் உடைந்து ஒழுகும் உடம்பை வெள்ளைச் சீலையோடு அணைத்து, அவன் கன்னம் தன் கன்னத்தில் பட, வெளியே கொண்டுவந்தார். அவர் வாசலைத் தாண்டும்போதே திரையில் நெருப்புப் பிடித்து வேப்பிலைக்கு ஏறிவிட்டது. கீழே அம்மா திகைத்து நின்றிருக்கிறார். வரிசையாக இருந்த மெயின் சுவிட்சுகளில் எது எங்கள் வீட்டுக்குரியதென்று ஒன்றிலும் எழுதியில்லை. எல்லாவற்றையும் இழுத்து விழுத்தினார். மாடி முழுவதும் விசிறிகள் நின்றன, சனம் ஏசிக்கொண்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அன்ரி தம்பியை என் மடியில் கிடத்திவிட்டு, உள்ளே போய் ஈரச் சாக்கால் அடித்து நெருப்பை அணைத்தார். தம்பி "ஏனக்கா அழுறாய்?" என்று என்னைக் கேட்டான்.

இளநீரோடு வந்த அப்பா கருகிய கட்டிலையும் உருகிய பெட்டியையும் பார்த்தார். "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே, ஏதும் பிழையெண்டால் தானா விழும் எண்டு நினைச்சிருந்தன்" என்றார். இறுக்கமில்லாத வயர் சூடேறி எரியும்போது அந்தச் சுவிட்ச் விழாமலே இருக்கக்கூடும் என்றும், சூட்டில் உருகும் பிளாஸ்டிக் மீன் போல மணக்கும் என்றும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. புதிய பெட்டி வாசல் கதவருகே, கைக்கு எட்டும் உயரத்தில் வந்தது. பெரியது, உள்ளே வெற்றிடம் மிச்சம், ஒவ்வொரு வயருக்கும் தனித் திருகாணி, ஒவ்வொரு சுவிட்சின் கீழும் அப்பாவின் கையெழுத்தில் பெயர். வந்த சனமெல்லாம் அதைத்தான் முதலில் பார்த்தது. அம்மா அதற்குத் திரை போடவில்லை.

தம்பி எழும்பி விளையாடத் தொடங்கியபோது ஸ்டெல்லா அன்ரி படுத்தார். கொப்புளிப்பான். வளர்ந்தவர்களை அது போட்டு வாட்டிவிடும். அம்மா அந்த வீட்டிலேயே கிடந்து கஞ்சி காய்ச்சினார், வேப்பிலைத் தண்ணீர் வார்த்தார். மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்ரியின் நெற்றி நடுவில் ஆழமாக ஒரு தழும்பு தங்கிவிட்டது.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் நிற்கும் உயர்ந்த மாடியில் மின்பெட்டிகளெல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் ஒழுங்காக இருக்கின்றன, அது எனக்குச் சந்தோஷமே. எதிரெதிர்க் கதவுகள்தான் திறப்பதில்லை. போன வருடம் கொட்டாஞ்சேனையில் அன்ரியின் செத்தவீட்டுக்கு, நடக்கமுடியாத அம்மாவைத் தாங்கிக் கூட்டிப்போனேன். அம்மா சவப்பெட்டியருகே குனிந்து, அந்த நெற்றித் தழும்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அன்ரியின் மகளிடம் சொன்னார்:

"இது என்ர பிள்ளையின்ர, மோனை. உங்கட அம்மா வாங்கிக்கொண்டு போறா."