கழுத்தில் வைத்த கை

விரல்கள் மரத்துப்போகின்றன என்றேன். ரத்த ஓட்டம் குறைவு என்றார் டாக்டர். அவர் எழுதிய மாத்திரையோடு, நானாகவே நாட்டு மருந்துக் கடையில் ஒரு டானிக்கும் வாங்கி வந்தேன். மூடியைத் திருகியதும் சுக்கும் திப்பிலியும் வெல்லமும் கலந்த காட்டம் மூக்கில் ஏற, காசிமேட்டில் அம்மா வேலை பார்த்த இறால் கொட்டகை கண்முன் வந்துவிட்டது. இன்று அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

மேலே தகரக் கூரை காய, கீழே ஐஸ் உருகிக் காலை நனைக்க, பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு இறாலின் தலையைக் கிள்ளி ஓட்டை உரித்துப் போடும் சத்தம் தூறல் போல விடாமல் கேட்கும். விரல்கள் வெளுத்து மரத்ததும், மூலையில் கொதிக்கும் சுக்குக் கஷாயத்தை ஆளுக்கொரு டம்ளர் குடிப்பார்கள். ரத்தம் திரும்பியதா என்பது மரத்த விரலுக்குத் தெரியாது. அதனால் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளின் கழுத்தில் கையை வைத்துக் கேட்பது அங்கே வழக்கம்.

"இன்னாடி, சூடு தெரிதா?" என்பாள் அம்மா.

சில்லென்றிருந்தால் என் தோள் தானாகக் குறுகும். உடனே இன்னொரு வாய் குடிப்பாள். கதகதப்பு வந்ததும், "தெரிதும்மா" என்பேன்.

"அப்போ ரத்தம் ஓடிகினு கீது" என்று மறுபடி ஐஸுக்குள் கையை விடுவாள்.

டானிக்கைக் குடித்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் வேறு கழுத்து இல்லை. கையை என் கழுத்திலேயே வைத்து, "இன்னாடி, சூடு தெரிதா?" என்றேன்.

தோள் குறுகியது. இன்னொரு மூடி ஊற்றிக்கொண்டேன்.