மணி யாரு அடிச்சாங்க?

ரப்பர் ஷீட் வாசம் தெரியும்தானே உங்களுக்கு... புகையும் புளிப்பும் சேர்ந்த ஒன்று. எனக்கு அது ருவான்வெல்லை பஜாரில் நிஸ்தார் நானாவின் கொமியூனிகேஷனில், அதுதான் போன், இன்டர்நெட் கடை, அங்கே இருந்த கம்ப்யூட்டரின் வாசம். பக்கத்துக் கடையில் ஷீட் வாங்குவார்கள். மழை நாளில் அந்த நாற்றம் கீபோர்ட் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிடும்.

அப்போது நான் பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தேன். திங்கட்கிழமை கடை விட்டதும் நேரே நானாவிடம் போய், எங்கள் ரப்பர் தோட்டத்துச் சேர்ச்சின் ப்ளொக்கை எழுதுவேன். ஃபாதர் தந்த வேலை அது.

"வெளியில போன புள்ளைங்களுக்கும் நமக்கும் தொடர்பு விட்டுப் போகக் கூடாதுப்பா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கொழும்புக் கடைகள், கட்டுநாயக்க கார்மென்ட்ஸ், வெளிநாடு... தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளியில்தான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை, நோயாளிகளுக்கான ஜெப லிஸ்டோடு ஒரு வரி விடாமல் டைப் செய்வேன். கழுத்து பிடித்துக்கொள்ளும். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாதான் வாயைக் கிண்டுவார்.

"என்ன தம்பி, ஒங்கட சேர்ச் பேப்பர நீங்களும் ஃபாதரும் மட்டுந்தான் வாசிக்கிற போல?"

ஒரு திங்கட்கிழமை, கீழே ஒரு கமெண்ட் கிடந்தது. பெயர் இல்லை.

"இந்த ஞாயிறு மணி யாரு அடிச்சாங்க?"

'தங்கராசு மாமா' என்று பதில் போட்டேன். அடுத்த வாரமும் அதே கேள்வி. அதற்கடுத்த வாரமும்.

எனக்கு மண்டை குடைந்தது. தங்கராசு மாமா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், மனைவி தவறிய பிறகு லயத்தில் தனியாக இருந்தார். ஞாயிறு மணி அவர் பொறுப்பு. மூன்று அடி, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. சத்தத்தை வைத்தே அவர்தான் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் கேட்கிறவர் அந்தச் சத்தம் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும்.

ப்ளொக்கின் ஓரத்தில் எந்தெந்த நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சின்னச் சின்னக் கொடி காட்டும். நானாதான் விரலை வைத்தார்.

"இந்தா, ஜோர்தான்ல இருந்து ஒரு ஆள் வாரார். திங்கக்கெழம தவறாம."

ஜோர்தானில் எங்கள் ஆள் ஒருத்திதான். தங்கராசு மாமாவின் ஒரே மகள் ராணி. அங்கே கார்மென்ட்ஸில் இருந்தாள். 'ராணியா?' என்று கேட்டேன். ப்ளொக்கின் ஈமெயிலுக்குப் பதில் வந்தது.

"ஆமா அண்ணே. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. போன்ல எப்ப கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாரு. அம்மா ஆஸ்பத்திரியில கெடந்ததக்கூட எல்லாம் முடிஞ்ச பெறகுதான் எனக்கு சொன்னாரு. மணி அடிச்சிருந்தா நல்லா இருக்காருன்னு நெனச்சுக்குவேன்."

அன்றிலிருந்து பிரசங்கத்துக்கு அடியில் ஒரு வரி சேர்ந்தது. 'மணி: தங்கராசு.'

அந்த வருஷ மழைக்கு மாமா படுத்துவிட்டார். சனிக்கிழமை பார்க்கப் போனபோது கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஜெப லிஸ்ட்ல என் பேர போட்றாதீங்க தம்பி. புள்ளைக்கு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வந்துரும்."

"போடல மாமா. ஆஸ்பத்திரிக்கு போவோம், வாங்க."

"மழ விடட்டும்."

மழை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணியை அவருக்குப் பதில் லயத்துப் பையன் செபஸ்தியான் அடித்தான். இடைவெளியே இல்லாமல், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் கை ஓடவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காகப் பொய்யும் எழுத முடியாது. நானா விஷயத்தைக் கேட்டார்.

"அவர்ட பேர போட வாணாம்னுதானே சொன்னார்? அடிச்சவன்ட பேர போட வாணாம்னு சொல்லல்லயே."

போட்டேன். 'மணி: செபஸ்தியான்.'

மறுநாள் காலையிலேயே நானாவின் கடைக்கு ஜோர்தானிலிருந்து போன் கோல். ஹார்ட்வெயார் கடையிலிருந்து ஓடினேன்.

"அண்ணே, அப்பாவுக்கு என்ன?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அங்கிருந்தே பக்கத்து வீட்டாரைப் போனில் கூப்பிட்டு அழுதாள், அவர்கள் மாமாவை அப்படியே தூக்கி த்ரீவீலில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல். இன்னும் தாமதித்திருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம்.

எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர், முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேர போட வேணாம்னு சொன்னேன்ல?"

"போடலையே மாமா."

"அதான் காட்டிக் குடுத்துருச்சு."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மணிக் கயிற்றை விட்டதும் என்னைத் தேடி வருவார். "எழுதிருவீங்கல்ல?"

இப்போது ப்ளொக் இல்லை, வாட்ஸ்அப் குரூப்தான். காலையில் பூ, இரவில் வசனம். ஆராதனை லைவ் போகிறது, பிரசங்கம் உலகம் முழுக்கக் கேட்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மணி அடித்து முடிந்த பிறகுதான் லைவ்வைத் தொடங்குவார்கள்.

தங்கராசு மாமா காலமாகிச் சில வருஷம் ஆகிவிட்டது. ராணி ஊர் திரும்பி, கல்யாணமாகி வத்தளையில் இருக்கிறாள். நானும் அவிசாவளைக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் ஏதோ நினைப்பில் அந்தப் பழைய ப்ளொக்கைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது... கடைசிப் பதிவின் அடியில் 'மணி: தங்கராசு'. அதற்கும் கீழே புதிதாக ஒரு கமெண்ட். பெயர் இல்லை.

"இப்ப நம்ம சேர்ச்ல மணி யாரு அடிக்கிறாங்க?"

உடனே ராணிக்குக் கோல் எடுத்தேன்.

"நான் போடல அண்ணே" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்.

"யாரோட புள்ளையோ அண்ணே. சீக்கிரம் பாத்து சொல்லுங்க. காத்துக்கிட்டு இருக்கும்."

குரூப்பில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, பத்துப் பேர் பூ அனுப்பினார்கள். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை, காலையின் முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறேன். லைவ் தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.