பெயர் சொல்லாமல் செய்த ஜெபம்

கடந்த ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் எங்கள் சபையிலிருந்து ஒன்பது பேர் எல்கடுவைக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஐந்து நாள் ஊழியப் பயணம் போய் வந்தோம். பகலில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, மாலையில் ஜெபக் கூட்டம், ஒரு நாள் இலவசக் கண் பரிசோதனை. இந்த வருடம் போக நினைக்கும் இரண்டு சபைக்காரர்கள் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். வழியை எழுதுகிறேன். அங்கே நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதுகிறேன். அதை மறைத்துவிட்டு வழியை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

செவ்வாய் அதிகாலை 5.10க்கு வத்தளையிலிருந்து வேனில் புறப்பட்டோம். அக்குறணையில் மட்டும் நாற்பது நிமிட நெரிசல். மாத்தளை போய்ச் சேர 9.45. அங்கே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், மேலே கடைகள் குறைவு. உக்குவளை வழியாக ஏறும் பாதை ஒடுக்கமானது. மாத்தளையிலிருந்து தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயில் வாசல் வரை எங்கள் வேனின் மீட்டர் இருபத்தொரு கிலோமீட்டர் காட்டியது, அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் சாரதி ஃபாரூக் நானா வேனை ஏற்றினார்.

தங்கியது கோயிலை ஒட்டிய மண்டபத்தில். தோட்டத்திலேயே இருக்கும் சபை ஊழியர் ஒருவர் பாயும் போர்வையும் ஏற்பாடு செய்திருந்தார். முதல் நாள் பிள்ளைகள் எழுபது பேர் வந்தார்கள். நான் பாட்டு சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே போனது, அதையும் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். மலர் என்று வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர் அல்ல. முப்பத்திரண்டு வயது, கொழுந்து பறிக்கிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய். மகள் என்னுடைய பாட்டு வகுப்பில் இருந்தாள். நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஆள் சேர்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன் என்று மகள் மூலம் தெரிந்திருக்கிறது. சேலை முந்தானைக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். ஜோர்தானில் ஒரு தையல் தொழிற்சாலை வேலைக்கான ஒப்பந்தம், ஏழு பக்கம், ஆங்கிலத்தில். கல்யாணத்துக்கு முன் கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடம் தைத்தவராம். மூன்று வருட வேலை, இரண்டு வாரத்துக்குள் கையெழுத்து வைக்க வேண்டும்.

தோட்டத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் காட்டினால் செய்தி பரவிவிடும் என்றுதான் ஐந்து நாளில் போய்விடப் போகிற என்னிடம் வந்தார். ஒவ்வொரு பக்கமாக வாசித்துச் சொன்னேன். பிள்ளைக்கு வருத்தம், காய்ச்சல் என்றால் லீவு தருவார்களா என்று இரண்டு தடவை கேட்டார். புறப்படும்போது ஒன்று சொன்னார்.

“வீட்டுக்காரருகிட்ட ஞாயித்துக்கிழம நானே சொல்றேன் மிஸ். அது வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்.”

நிச்சயமாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

அன்று முழுக்க அந்தப் பிள்ளைகளின் முகம்தான் என் கண்ணில். தாயில்லாமல் மூன்று வருடம் என்ன செய்யும் என்று நினைத்து நினைத்து அழுகை வந்தது. அது அன்பு என்றே அப்போது நம்பினேன்.

வியாழன் மாலை ஆறரை மணிக் கூட்டத்தில் ஜெபம் நடத்துவது என் முறை. கோயில் கூரையில் ஒலிபெருக்கி இருக்கிறது, கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் வரை கேட்கும். கண்ணை மூடி ஆரம்பித்தவள், வியாதிக்காரருக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் ஜெபித்துவிட்டு, “ஆண்டவரே, பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடல் கடந்து போக நினைக்கும் ஒரு தாய் எங்கள் நடுவில் இருக்கிறார். கையில் தையல் தொழிலைக் கொடுத்தீரே, அதை வைத்தே இங்கே அவரை வாழ வையும். அந்தக் கதவை அடைத்துப் போடும்” என்றேன். ஆமென் என்று சத்தமாகச் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கண்ணைத் திறந்தபோது பலர் ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் தைக்கத் தெரிந்த தாய் ஒருவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலர் குனிந்து மகளின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆண்கள் வரிசையில் அவருடைய கணவரின் இடம் காலியாக இருந்தது. அவர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனதாக வெளியே நின்ற ஃபாரூக் நானா பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை மலரின் மகள் வகுப்புக்கு வரவில்லை. நான் பிள்ளைகளை வேறொருவரிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறினேன். தேயிலை நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பெயரைச் சொல்லவில்லையே அக்கா என்றும் சொன்னேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் கூசுகிறேன்.

“ஆண்டவருகிட்ட சொல்றதுக்கு மைக் எதுக்கு மிஸ்?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பிறகு பறித்துக்கொண்டே பேசினார். “அவரு மொதல்ல வேணாம்பாரு, நாலு நாள் கழிச்சு சரிம்பாரு. பன்னெண்டு வருசமா பாக்குறேன். இப்ப தோட்டமே கேட்டிருச்சு. பொண்டாட்டி தனக்குத் தெரியாம போகப் பாத்தான்னு ஆயிருச்சு. இனி சரின்னு சொன்னா அவருக்கு மரியாத இருக்குமா?”

கைப்பிடிக் கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் போட்டார்.

“எதுக்குப் போறேன்னு நீங்க ஒரு வார்த்த கேக்கல” என்றார். லயத்தை விட்டு வெளியே சொந்த வீடு கட்டப் பத்து பேர்ச்சஸ் காணி வாங்க வேண்டும், மகளை மாத்தளையில் படிக்க வைக்க வேண்டும். பிள்ளைகளைத் தன் தங்கை பார்த்துக்கொள்வதாகப் பேசி முடித்திருக்கிறார். வருத்தத்துக்கு லீவு உண்டா என்று இரண்டு தடவை கேட்டவர் பிள்ளைகளை நினைக்காமலா கேட்டிருப்பார்? ஒப்பந்தத்தின் ஏழு பக்கத்தையும் வாசித்த எனக்கு அது தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மாலை போட்டு, பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். மலர் வரவில்லை. கணவர் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார் என்றும் கையெழுத்து நாள் தப்பிப் போனது என்றும் மூன்று வாரம் கழித்து ஊழியர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

எங்கள் குழுத் தலைவருக்கும் அந்தச் செய்தி போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு சபையில் பயணப் படங்களைத் திரையில் காட்டும்போது, கேட்கப்பட்ட ஜெபம் என்று தலைப்பிட்டு மலரும் பிள்ளைகளும் நிற்கும் படம் வந்தது. ஒரு குடும்பம் பிரியாமல் காக்கப்பட்டது என்றார் தலைவர். முந்நூறு பேர் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்தவர் என் தோளைத் தட்டினார். நான் எழுந்து, அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் நடந்ததைவிட இதுதான் எனக்கு அதிக வெட்கம், ஏனென்றால் இந்த முறை தெரிந்தே செய்தேன்.

மறுநாள் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் மாறினாலும் படத்தை நீக்கினார். சபைக்கு முன்னால் திருத்திச் சொல்ல மட்டும் அவர் விரும்பவில்லை.

இனி போகிறவர்களுக்கு. வேன் இல்லாதவர்கள் மாத்தளையிலிருந்து எல்கடுவை பஸ்ஸில் போகலாம், திரும்பி வரும் கடைசி பஸ் நேரத்தை நடத்துனரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூச ஒரு துண்டு சவர்க்காரம். கொழுந்து அதிகமுள்ள நாட்களில் பகல் கூட்டம் வைக்காதீர்கள், வருகிறவர்களுக்குச் சம்பளம் போகும். ஜெபக் குறிப்பு யாராவது தந்தால், இதைச் சத்தமாகச் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். கேட்டபிறகும் முடிந்தால் அறைக்குள் போய் ஜெபியுங்கள். நீங்கள் ஐந்து நாளில் இறங்கிவிடுவீர்கள் என்பதால்தான் சிலர் உங்களிடம் மனம் திறப்பார்கள். அது சபையில் எடுத்துச் சொல்ல உங்களுக்குக் கிடைத்த சாட்சி அல்ல.

இதை எழுதலாமா என்று போன வாரம் மலரிடமே கேட்டேன். ஊழியரின் தொலைபேசியில்தான் பேசினார். தோட்டத்துப் பேரும் தன் பேரும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றார். மகள் நன்றாகப் படிக்கிறாளாம். திரும்பவும் விண்ணப்பிக்கிற எண்ணம் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன் மிஸ்” என்றார்.