குகை ஓட்டலில் ஒரு மத்தியானச் சாப்பாடு

அத்தா கடையை அடைத்துவிட்டு எங்களை வெளியே அழைத்துப் போவது பெருநாளைக்குக்கூட நடக்காத காரியம். பாலக்காடு அங்காடியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. பெருநாள் தொழுகை முடிந்த கையோடு ஒற்றைக் கதவை மட்டும் திறந்து வைத்து உட்கார்ந்துவிடுவார். விருந்து வைக்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் அண்டா போதாமல் போகும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், “நாளைக்கு எல்லாரும் பார்க்குக்குப் போறோம்” என்றார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

பார்க் என்றால் கோபாலபுரம் போகிற வழியில் புதிதாகத் திறந்திருந்த தீம் பார்க். என் வகுப்பில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்கள். அங்கே நீலக் குழாய் ஒன்று இருக்கிறது, அதற்குள் வளைந்து வளைந்து சறுக்கி வந்து தண்ணீரில் விழலாம் என்று கேள்வி. மறுநாள் யாருக்கும் தெரியாமல் சுடிதாருக்கு உள்ளே நீச்சல் உடையை மாட்டிக்கொண்டேன். உடை மாற்றுகிற நேரத்தில் இரண்டு தடவை கூடுதலாகச் சறுக்கலாம் என்பது என் கணக்கு.

சின்னம்மா அம்மாவின் தங்கை. அவர்களுடைய அம்மாவும் அத்தாவும் அடுத்தடுத்துப் போனபிறகு எங்களோடு வந்து இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. விடிகாலையில் போனால் மத்தியானம் வந்துவிடுவாள். அம்மா பெரும்பாலும் அத்தாவோடு கடையில் இருந்ததால், பள்ளி விட்டு வரும்போது எனக்குக் கதவு திறப்பவள் சின்னம்மாதான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். என் முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டி நரம்பைத் தேடி, “இவரு நல்லவரு, கூப்பிட்டதும் வருவாரு. இவரு கள்ளன், ஓடி ஒளிஞ்சுக்குவாரு” என்று ஒவ்வொன்றுக்கும் குணம் சொல்வாள். கொஞ்ச நாளாக மட்டும் சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் பக்கம் போய்விடுவாள். எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பாள். லேபில் யாரோ வேடிக்கையாகப் பேசுகிற ஆள் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காரில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் ஜிமிக்கியைப் போட்டிருந்தாள். இளம் ரோஜா நிறத்தில் புதுச் சுடிதார். தண்ணீரில் விழப் போகிறவர்கள் எதற்கு ஜிமிக்கி போட வேண்டும் என்று கேட்டதற்கு அம்மா முன் இருக்கையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

பார்க்குக்குள் போகும் வாசல் ஒரு பக்கம், அதன் ஓட்டலுக்குப் போகும் வாசல் மறுபக்கம். நாங்கள் மறுபக்கம் போனோம். முதலில் சாப்பாடு, பிறகு சறுக்கல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஓட்டலைக் குகை மாதிரி கட்டியிருந்தார்கள். சிமெண்டுப் பாறை, பிளாஸ்டிக் கொடி, அதில் தொங்கும் பிளாஸ்டிக் குரங்கு. சுவருக்குள்ளிருந்து ஒரு டைனோசர் தலை நீட்டி, கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை உறுமும். அத்தா எங்களுக்கென்று சொல்லி வைத்திருந்த மேசை பத்துப் பேர் உட்காருகிற மேசை. நாங்கள் நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எதிர் வரிசை முழுக்கக் காலி. கண்ணாடிச் சுவர் வழியாக நீலக் குழாயும், அதிலிருந்து வந்து விழுகிற பிள்ளைகளும் தெரிந்தார்கள். கண்ணாடி கனமானது; அவர்கள் வாய் திறந்து கத்துவது தெரிந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

காட்டிலாகாத் தொப்பி போட்ட பையன் வந்து வந்து ஆர்டர் கேட்டான். வங்காளத்துப் பையன், மலையாளமும் வராது, தமிழும் வராது. அத்தா மலையாளத்தில் விருந்தினர் வரட்டும் என்றார். அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு எதிர் வரிசைக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். யாருமில்லாத நாற்காலிகளுக்கு முன்னால் கண்ணாடித் தம்ளர்கள் வேர்த்துக்கொண்டு நின்றன.

யார் வருகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். “பொள்ளாச்சியிலேர்ந்து அத்தாவுக்குத் தெரிஞ்சவங்க. வந்தா சலாம் சொல்லிட்டு வாய மூடிட்டு இரு.” பாத்திர வியாபாரிகள் என்று நினைத்தேன். அவர்கள் எப்போது வந்து, எப்போது சாப்பிட்டு, நான் எப்போது சறுக்குவது? உள்ளே நீச்சல் உடை அரிக்கத் தொடங்கியிருந்தது.

சின்னம்மாவின் போன் மேசைமேல் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள், கை கழுவிவிட்டு வருவதாக எழுந்தாள். நானும் பின்னாலேயே போனேன். கை கழுவும் இடத்தைத் தாண்டி வெளியே ஒரு நடை; அங்கே ஃபைபரில் செய்த பெரிய யானை. அதன் காலருகே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். சின்னம்மா என்னைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் போனாள்.

அவர் என்னவோ சொன்னார். சொல்லும்போது சின்னம்மாவைப் பார்க்காமல் யானையின் காலையே பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து மறுபடி சொன்னார். சின்னம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒருமுறை திரும்பி, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சிரித்தாள். பிறகு அவரிடமும் சிரித்த முகமாகவே ஏதோ சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிடுவது போலச் செய்துவிட்டு வேகமாக வண்டி நிறுத்தும் பக்கம் போனார்.

“யாரு?” என்றேன்.

“வழி கேட்டாங்க.”

நாங்கள் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் அத்தாவின் போன் அடித்தது. எழுந்து நின்று சலாம் சொன்னார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். “இல்லீங்க, உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது... சரிங்க... உங்க விருப்பம்ங்க...” என்றார். சுவரிலிருந்த டைனோசர் அந்த நேரம் பார்த்து உறுமியதால் மீதி கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு எதிரிலிருந்த தம்ளர் ஒன்றை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

“வெளியவே நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்களாம்” என்றார் அம்மாவிடம்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. “போலாம், எந்திரிங்க.”

“சாப்பிட்டுட்டுப் போலாம் மச்சான்” என்றாள் சின்னம்மா. “பிள்ளைக்குப் பசிக்கும்.”

சாப்பாடு வந்தது. பிரியாணி என்ற பெயரில், மஞ்சளும் சிவப்புமாக நீள நீள அரிசி. உள்ளே தோண்டினால் எங்கேயோ ஒரு கோழித்துண்டு. எங்கள் வீட்டுச் சீரகச் சம்பா பிரியாணியைச் சாப்பிட்ட நாக்குக்கு அது வெறும் சாயச் சோறு. மீன் குழம்பு இனித்தது. பரோட்டாவை அத்தா பிய்க்கப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார். எனக்கு மட்டும் தனித் தட்டில் சோற்றை உருண்டையாக அழுத்தி, கேரட்டால் கண்ணும் தக்காளிச் சாஸால் சிரித்த வாயும் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதைக் குலைக்க மனமில்லாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு ஆறிப்போனது.

சின்னம்மா மட்டும்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். பிரியாணியை இரண்டாவது தடவையும் வாங்கினாள். இனிக்கிற குழம்பையும் ஊற்றிக்கொண்டாள்.

“உனக்கு எப்படித்தான் எறங்குதோ” என்றாள் அம்மா, பல்லுக்கிடையில்.

“நல்லாத்தானே இருக்கு” என்றாள் சின்னம்மா.

நான் சறுக்கலைப் பற்றிக் கேட்டேன். என் கேள்வி மேசையைத் தாண்டிப் போகவில்லை போலிருந்தது. மறுபடி கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அத்தா என் தலையில் கை வைத்து, “இன்னொரு நாளு வரலாம்மா” என்றார். அந்தக் குரலில் அவர் கடையில் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் என் வயதுப் பிள்ளை ஒருத்தி தண்ணீரில் விழுந்து எழுந்து, யாரையோ பார்த்துக் கை ஆட்டினாள். எனக்குத்தான் ஆட்டுகிறாள் என்று நானும் கை ஆட்டினேன். அவளுடைய அம்மா எங்கள் கண்ணாடிக்குக் கீழேதான் நின்றிருந்தாள்.

அதன்பிறகு எங்கள் தெருவில் ஒரு பேச்சு வந்துவிட்டது. வாசல் வரை வந்து, பெண்ணைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். அப்படி என்ன குறையோ? இதை யாரும் எங்கள் வீட்டுக்குள் வந்து சொல்லவில்லை. ஆனால் அம்மா தெருவில் யாரோடும் நின்று பேசுவதை விட்டாள். அத்தா இன்னும் இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தார். அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மழைக்காலம் தொடங்கும்போது சின்னம்மா உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சாவியை என் கழுத்தில் கயிறு கட்டி மாட்டினார்கள். பள்ளி விட்டு வந்து நானே கதவைத் திறந்து, நானே உள்தாழ்ப்பாள் போட்டு, யாருமில்லாத கட்டிலில் பையை வைப்பேன். சில நாள் முழங்கையைத் தட்டிப் பார்ப்பேன். எனக்கு எந்த நரம்பும் அகப்பட்டதில்லை.

சின்னம்மா இன்றும் அங்கேதான் இருக்கிறாள், தனியாக. போன வருடம் அவளோடு போய்த் தங்கியிருந்தபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் மாப்பிள்ளை. மூன்று மாதமாக அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர். அவருக்கு ஏற்கெனவே விரும்பிய பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் சொல்லத் தைரியமில்லை. வேண்டாமென்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்ச வந்திருக்கிறார்.

“நான் வேண்டாம்னா மச்சான் காரணம் கேப்பாரு. என்னையத்தான் கட்டணும்னு அந்தாளு வீட்டுல போய் நிப்பாரு, இல்லாட்டி சண்டைக்குப் போவாரு. அதான், ‘பொண்ணப் பாத்தேன், பிடிக்கலை’ன்னு நீங்களே உங்க வீட்டுல சொல்லிருங்கன்னேன். ஆம்பள சொன்னா அதோட முடிஞ்சிரும்ல?”

உங்களுக்கு அவரைப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். வெங்காயத்தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றைக்குப் பார்க்கிலிருந்து திரும்பி வரும் வழியில், சித்தூர் தாண்டியதும் சின்னம்மா ஜிமிக்கியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். எப்போதும் நான்தான் அவள் மடியில் படுப்பேன். முன்னால் அத்தாவும் அம்மாவும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கி, தென்னந்தோப்புகளின் நிழல் காருக்குள் வந்து வந்து போனது. கொஞ்ச நேரத்தில் என் தொடைமேல் சுடிதார் ஈரமானது. தூக்கத்தில் எச்சில் ஒழுக விடுகிறாள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. எழுப்பிவிடக் கூடாதென்று காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை அவள் லேபுக்குக் கிளம்பும்போது அதைச் சொல்லிக் கேலி செய்தேன்.

“ஆமாண்டி” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. “அசந்து தூங்கிட்டேன்.”