சோபாவில் முடி பொறுக்கிய காலம்

அடுத்தவர் வீட்டு முடியைப் பொறுக்குகிறவன் என்று சொன்னால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் நான் "கதிரை வேலை" என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

சண்டைக்கு முந்திய காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் காசிம் நானாவின் கடையில் சோபாவுக்கு மெத்தை அடிப்பதும் துணி மாற்றுவதும் தொழில். வீடுவீடாகப் போய் சோபாவிலும் கம்பளத்திலும் ஒட்டிய முடியை எடுத்துக் கொடுப்பது என் பங்கு. சப்பாத்தின் அடிக்குப் போடுகிற கிரேப் ரப்பரில் ஒரு துண்டுதான் கருவி. சற்றே நனைத்து ஒரே பக்கமாக இழுத்தால் முடி திரண்டு கயிறுபோல வரும். முன்னும் பின்னும் தேய்த்தால் உள்ளே போய்விடும். நாயோ பூனையோ கொட்டுகிற தலையோ உள்ள வீட்டுக்காரர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பூனைக்கு ஏற்ற துணி

கொள்ளுப்பிட்டியில் ஒரு துரைசாணி. சோபா கரும்பச்சை வெல்வெட், பூனை வெள்ளை. சனிக்கிழமை தோறும் நான் போய் எடுப்பேன். நான் ரப்பரைச் சுருட்டி வைக்கும்வரை பூனை வாசலில் காத்திருக்கும். பிறகு வந்து சோபாவில் நிதானமாகப் புரளும். நாலாவது சனிக்கிழமை துரைசாணி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை கடை வாசலில் கார் வந்து நின்றது. துரைசாணி பூனையும் கையுமாக இறங்கினார். நானா துணிச் சுருள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பூனையின் முதுகோடு வைத்துக் காட்டினார். ஒன்பதாவது துணி பொருந்திவிட்டது. கார் போன பிறகு நானா தன் இடுப்புச் சாரத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் சோபாவுக்குத்தான் துணி பார்த்தேன் தம்பி, இண்டைக்குப் பூனைக்கும் பார்க்க வச்சிட்டான் அல்லா."

ஒரு முழம்

வெள்ளவத்தையில் அரசாங்கக் கிளாக்கர் ஒருவரின் வீடு. மனைவிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து எழும்பி ஐந்து மாதம். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எப்போதும் சேலைத் தலைப்பால் மூடியபடியே நடப்பார். ஐயாவின் சாய்மனைக் கதிரையின் இடுக்கில் ரப்பரை விட்டு இழுத்தேன். ஒரு முழத்துக்கும் மேலான கருமுடி ஒன்று வந்தது.

அம்மா பார்த்துவிட்டார். ஐயாவும் பார்த்துவிட்டார். முடி என் கையில். நான் அதைக் கீழே போடுவதா, பையில் வைப்பதா என்று தெரியாமல் நின்றேன். அம்மா வந்து வாங்கி, யன்னலடியில் வெளிச்சத்துக்குப் பிடித்தார். விரலில் சுற்றிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஐயாவின் நெற்றி வியர்த்தது. "இது என்ரைதான். காய்ச்சலுக்கு முந்தினது," என்றார் அம்மா. அழுதபடியே அதை ஒரு கடதாசியில் மடித்து அலுமாரியில் வைக்கப் போனார்.

ஐயா கதிரையில் சரிந்து உட்கார்ந்து, உள்ளே போன மனைவிக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "உந்தத் தம்பிக்கு இன்னொரு தேத்தண்ணி குடப்பா."

தண்ணி போகாத குளியலறை

இது என் வேலையே இல்லை. கதிரைக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். பொன்னம்மாக்கா நடத்திய போர்டிங். கந்தோருக்குப் போகிற ஆறு ஆண்கள். கம்பியை வளைத்துக் குளியலறைக் குழாய்க்குள் விட்டேன். எலி அளவில் ஒரு முடிக் கட்டி வந்தது. அக்கா அதை ஈர்க்கில் தூக்கிக்கொண்டுபோய், ஆறு பேரையும் விறாந்தையில் வரிசையாக நிறுத்திக் காட்டினார். ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆறாமவர், தபால் கந்தோர் சிவகுரு, தன் மொட்டைத் தலையைத் தடவிவிட்டு, "அக்கா, நான் இந்தக் கணக்கிலை இல்லை. குளிக்கப் போகட்டே?" என்று கேட்டார்.

அக்கா வழிவிடவில்லை. "நாலு வருஷத்துக்கு முந்தி இந்தப் படியேறேக்கை உமக்குத் தலைநிறையச் சுருள்மயிர் இருந்தது, தம்பி. அது எங்கை போனது?"

ஜிம்மியைக் கட்டிவைத்த வீடு

ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மகள் ராணிக்கு ஏழு வயது, மூச்சு முட்டு. நாய் முடிதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜிம்மியை முருங்கை மரத்தில் கட்டிவிட்டார்கள். அது ஊளையிட, இவள் அழ, அழுததில் இன்னும் முட்ட, மறுவாரம் நாயைக் கண்டிக்கு அனுப்புவதென்று முடிவு. மிச்ச முடியை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

பிள்ளை நாள் முழுக்கச் சுருண்டு கிடப்பது ஒரு பெரிய கதிரையில். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் ஏலத்தில் வாத்தியார் பெருமையோடு வாங்கியது. நான் மெத்தையில் கையை ஊன்றினேன். புகைபோலத் தூசி கிளம்பியது. பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு உடனே இழுக்கத் தொடங்கியது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"மாஸ்டர், இதைப் பிரிச்சுப் பார்க்கவேணும்," என்றேன். "நல்ல கதிரையடா!" என்றார். அவர் மனைவி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். உள்ளே திணித்திருந்தது பழைய குதிரை முடி. பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் கொளுத்தினோம். கடையில் புதுத் தேங்காய்த் தும்பு அடைத்துக் கொடுத்தோம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். முட்டு முற்றாக விடவில்லை, ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். கதிரையில் அவளும் ஜிம்மியும். என்னைக் கண்டதும் நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பிழை செய்தது குதிரை. அப்பா இவனைக் கட்டிப்போட்டார்."

முடி விழாத வீடுதான் வேண்டுமென்றால், வாசகர்களே, யாருமில்லாத வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்து, தயவுசெய்து நீங்களும் அதற்குள் போய் இருந்துவிடாதீர்கள்.