அப்பனும் மகனும் ஒரே ஆள்

கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் நான் எழுதிய நிரல்களில் என்னைத் தலைகால் புரியாமல் ஆடவைத்தது ஒன்றுதான். இங்கே வேலை செய்யும் தமிழ்க் கட்டடத் தொழிலாளர்களுக்கு இலவச சிகிச்சை அட்டை கொடுக்கும் பட்டியலுக்காக எழுதியது. அதில் பலர் இரண்டு தடவை பதிவாகியிருந்தார்கள். நம் ஆட்கள் அப்பா பெயரை முன்னால் சொல்வார்கள். மலையாள கிளார்க்குகள் அதைப் பின்னால் தள்ளி எழுதுவார்கள்.

வழி சுலபம். ஒரு பெயரை இடைவெளி இல்லாமல் இரண்டு முறை அடுத்தடுத்து எழுதி, அதற்குள் மற்றதைத் தேட வேண்டும். நீளமும் ஒன்றாக இருந்து, தேடியது அகப்பட்டால், இரண்டும் ஒரே பெயர். முன்பகுதியை வெட்டிப் பின்னால் ஒட்டியது, அவ்வளவுதான். நாலே வரி. பிறந்த தேதியையும் ஒப்பிட வேண்டாமா என்று சோதனைப் பிரிவுப் பெண் கேட்டாள். பாதிப் பேருக்கு அது காலி என்று அவள் வாயை அடைத்தேன். டீம் லீட் தோளில் தட்டினார்.

மூன்று மாதத்தில் ஒரு புகார். தமிழ் தெரிந்தவன் என்று விசாரிக்க என்னை அனுப்பினார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார். கண்ணில் பிரஷர். ஆபரேஷன் அன்று காலையில் அட்டை செல்லாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய மூத்த மகனும் அதே வேலை, அதே முகவரி. மகனுக்கு வைத்திருந்தது தாத்தா பெயர். ஆகவே அப்பாவின் முழுப்பெயரைத் திருப்பிப்போட்டால் மகனின் முழுப்பெயர். என் நாலு வரி இருவரையும் ஒரே ஆளாக்கி, அப்பாவை நீக்கியிருந்தது.

எனக்குத் தெரியாத வழக்கமா இது? வலியசாலையில் எங்கள் வீட்டிலும் எனக்குத் தாத்தா பெயர்தானே. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அபூர்வமான கேஸ் என்று லீட் மெயில் எழுதினார். எங்கள் ஜனங்களில் வீட்டுக்கு வீடு இதுதான் என்று பதில் போட்டேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. திருத்தம் ஒரு வரி, அதற்கு ஒப்புதல் கிடைக்க ஏழு வாரம். அட்டையை நானே கொண்டுபோனபோது அவருக்கு இடது கண் போய்விட்டிருந்தது.

அவர் பெயரை வெட்டிய நிரலை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் என் பெயரைக் கேட்டார். பிறகு அப்பா பெயர், தாத்தா பெயர். எல்லாம் சொன்னேன்.

"அப்பம் ஒங்களயும்லா சாரே வெட்டியிருக்கணும்," என்றார்.

அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.